யாரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறோம்?

தில்லி ஆர்.கே. புரத்தில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த முறை ஒரே தலைப்பு: தகுதிக்கு மேல் புகழப்பட்ட எழுத்தாளர்கள். வட்டத்தின் மூத்த உறுப்பினர், மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், துண்டுச் சீட்டில் வந்த கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் கேள்விகளில் காரம் சற்றுத் தூக்கல்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார். கல்கி? (கரோல் பாக்)

கதை சொல்லியாக அவருக்குக் கிடைத்த புகழ் நியாயமானது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர். அடுத்த இதழுக்கு ஆள் காத்திருக்க வேண்டும், அதற்கான சாமர்த்தியம் அத்தனையும் அதில் இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற வந்தியத்தேவனோடு நாமும் போய்விடுகிறோம். அதே சாமர்த்தியம்தான் பலவீனமும். ஐந்து பாகங்களிலும் யாரும் ஒளிந்து நின்று ஒட்டுக்கேட்காத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

எனக்கு மிகையாகப் படுவது அதைச் சரித்திரமாகவே எடுத்துக்கொள்வது. ஆதித்த கரிகாலன் கொலையில் ரவிதாசன் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் உண்டு. நந்தினி கல்கியின் கற்பனை. தஞ்சாவூர் போய் நந்தினியின் மாளிகையைத் தேடினால் அதற்குக் கல்கி பொறுப்பில்லை.

பாரதியைப் பற்றி இப்படிக் கேட்கத் துணிவு உண்டா? (மயூர் விஹார்)

நமக்கு முன்பே துணிந்துவிட்டார்கள். 1930-களின் நடுவில் இதே சண்டை பத்திரிகைகளில் நடந்தது. எழுத்தாளர் வ.ரா. பாரதியை உலக மகாகவிகளுக்குச் சமமாக, ஏன், மேலாகவே வைத்தார். கல்கி ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல கவி, தேசிய கவி, ஆனால் அந்த வரிசையில் வைக்க முடியாது என்றார். எழுத்தாளர்கள் கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் விடவில்லை. பாட்டுப் பாட்டாக எடுத்து வைத்து வாதாடினார்கள், அது 'கண்ணன் என் கவி' என்று புத்தகமாகவே வந்தது. வேடிக்கை என்னவென்றால், எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பப் பணம் திரட்டியதில் முன்னால் நின்றவர் அதே கல்கிதான். 1947-ல் மண்டபம் திறந்தார்கள்.

அந்தச் சண்டையில் எனக்குப் பிடித்தது, இரண்டு பக்கமும் கவிதையைப் படித்துவிட்டுப் பேசினார்கள். இன்று 'ஓவர்ரேட்டட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போகிறோம்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பாஞ்சாலி சபதம், குயில் பாட்டு, கண்ணன் பாட்டு மூன்றுக்கும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். அவருடைய சிறுகதைகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். கதைக்குள் பிரசங்கம் புகுந்துவிடுகிறது.

சுஜாதா இல்லாவிட்டால் நான் தமிழே படித்திருக்க மாட்டேன். அவரையும் விட மாட்டீர்களா? (குருகிராம், ஐ.டி.)

விட மாட்டேன் தம்பி. வக்கீல்கள் கணேஷ்–வசந்த் துப்பறியும் கதைகளில் பாதி ரயில் பயணத்துக்கு மேல் தாங்காது. ஆனால் 'நகரம்' கதையை எடுங்கள். மூளைக் காய்ச்சல் வந்த மகள் பாப்பாத்தியோடு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறாள் வள்ளியம்மாள். பெரிய டாக்டர் உடனே அட்மிட் பண்ணச் சொல்கிறார். அப்புறம் சீட்டு, இன்னொரு சீட்டு, இந்த ஜன்னல், அந்த அறை, நாளைக்குக் காலையில் வா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடைசியில் பெண்ணைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஊருக்குத் திரும்புகிறாள். யாரும் கெட்டவர்கள் இல்லை, ஒருத்தரும் கத்தவில்லை, பெண் பிழைக்கப்போவதில்லை என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது. சில பக்கங்கள்தான். இதை எழுதிய கையை வேகமான வசனத்துக்காகவும் விஞ்ஞானத்துக்காகவும் மட்டும் கொண்டாடுகிறோமே என்பதுதான் என் குறை.

ஜெயகாந்தன்? (முனிர்கா)

சத்தம் அதிகம். ரிக்‌ஷாக்காரன், பேராசிரியர், சாமியார் என்று யார் வாயைத் திறந்தாலும் சில இடங்களில் ஜெயகாந்தன் குரல்தான் வருகிறது. அதற்காகத் தள்ளிவிட முடியுமா? 1966-ல் 'அக்கினிப் பிரவேசம்' ஆனந்த விகடனில் வந்தபோது, கெடுக்கப்பட்ட பெண்ணின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி 'நீ சுத்தமாகிவிட்டாய்' என்று சொல்வது எவ்வளவு பேரை உலுக்கியது! அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே யோசித்து ஒரு நாவலும் எழுதினார்.

விருது வாங்கியவரைப் பெரிய எழுத்தாளர் என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா? (தமிழ் ஆசிரியை)

விருதை வைத்து அளக்காதீர்கள் மேடம். புதுமைப்பித்தன் 1948-லேயே போய்விட்டார், சாகித்திய அகாதெமி தொடங்கியதே 1954-ல். சுந்தர ராமசாமி கடைசி வரை அந்த விருது வாங்கவில்லை. கிடைத்தவர்களுக்கும் வேறு புத்தகத்துக்குக் கிடைத்தது: தி. ஜானகிராமனுக்கு 'மோகமுள்'ளை விட்டுவிட்டு, 1979-ல் 'சக்தி வைத்தியம்' என்ற தொகுப்புக்குக் கொடுத்தார்கள். இந்த ஊர் வானொலியில் வேலை பார்த்த மனிதர்.

வெகுஜன எழுத்தாளர்களை மட்டும் போட்டுத் தாக்குகிறீர்கள். சிற்றிதழ்க்காரர்கள் எல்லாம் உத்தமர்களா? (துவாரகா)

நல்ல கேள்வி. மௌனி. எழுதியது முப்பதுக்கும் குறைவான கதைகள். 'சிறுகதையின் திருமூலர்' என்று புதுமைப்பித்தன் ஒரு வார்த்தை சொன்னாலும் சொன்னார், அதன் பிறகு புரியவில்லை என்று சொல்லவே வாசகன் பயப்படுகிறான். சில கதைகள் அபூர்வம்தான். சிலவற்றில் அதே ஏக்கம், அதே மங்கல் வெளிச்சம் திரும்பத் திரும்ப வருகிறது.

உங்கள் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லையே? (சரோஜினி நகர்)

மிகையாகப் புகழ வேண்டுமென்றால் முதலில் புகழ வேண்டுமே அம்மா! தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிக'ளில் எழுதினார். இந்த அறையில் அதைப் படித்தவர்கள் கை தூக்குங்கள். (மூன்று கைகள்.) கல்கியைப் படித்தவர்கள்? சரி, வேண்டாம்.

அப்படியானால் நம் ஊர்க்காரர் யாரைக் குறைவாக மதிக்கிறோம்? (ஜனக்புரி)

ஆதவன். சந்தேகமே இல்லை. 1987-ல் சிருங்கேரியில் துங்கா ஆற்றில் மூழ்கி இறந்துவிட்டார், அகாதெமி விருது அதற்கப்புறம்தான் வந்தது. 'காகித மலர்கள்' முழுக்க இந்த தில்லிதான். வீட்டில் ஒரு முகம், ஆபீஸில் ஒரு முகம், நண்பர்களிடம் ஒரு முகம் என்று நாம் போடும் வேஷத்தை அவரைப் போல உரித்துக் காட்டியவர் குறைவு. பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் வந்து சண்டை போடுங்கள், ஆனால் படித்துவிட்டு வாருங்கள்.