ஓமலூர் நிலத்தை விற்காதீங்க, அண்ணா

போன சனிக்கிழமை சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதியாகிவிட்டது, இரண்டு முறையும் அரசு இடத்துக்கு எட்டவில்லை. மூன்றாவது முறைக்கு நாமக்கல் பக்கம் விடுதியோடு கோச்சிங், அதுவும் சரிவராவிட்டால் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். செலவுக்கு ஓமலூர் பக்கத்து ஒன்றரை ஏக்கரை விலை பேசி வைத்திருக்கிறார்கள். எல்லாம் பெரியப்பா ஏற்பாடு. "புள்ள என்னமோ கல்லாப் போன செடியப் படிக்கறேங்குதுங்க மேடம், பயமா இருக்குது" என்றார் அம்மா. பயப்படாதீங்க என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அது போதாது என்று ராத்திரி படுக்கும்போது தோன்றியது. அந்த அப்பாவுக்குத்தான் இது.

அண்ணா, அந்த நிலத்தை விற்காதீங்க.

வெளிநாட்டில் ஆறு வருடம் படித்துவிட்டு வந்தாலும், இங்கே தகுதித் தேர்வு எழுதித் தேறினால்தான் ஊசி போட முடியும். அந்தத் தேர்வையும் எழுதப்போவது உங்கள் மகள்தான், பெரியப்பா இல்லை. டாக்டராக ஆசைப்படுகிற பிள்ளைக்கே அது கஷ்டம். ஆசையே இல்லாத பிள்ளையை அதில் தள்ளினால் நிலமும் போகும், பிள்ளையும் வெறுத்துப்போகும்.

நீங்கள் போனில் பேச வெளியே போனபோது அவள் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டினாள். பக்கத்துக்கு ஒன்றாக ஏற்காட்டுப் பெரணி இலைகள், நாளிதழில் வைத்து அழுத்திக் காயவைத்தவை. ஒவ்வொன்றையும் திருப்பி, அடிப்பக்கத்துப் பழுப்புப் புள்ளிகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பென்சிலில் படம் போட்டிருக்கிறாள். இரண்டு வருட நீட் படிப்புக்கு நடுவில், யாரும் சொல்லாமல் செய்தது. பத்தொன்பது வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன், இப்படி ஒரு நோட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஏற்காட்டுல ஏது ஃபாசில்?" என்று பெரியப்பா சிரித்தாராம். (ஃபாசில் என்றால் அக்கா சொன்ன அந்தக் கல்லாப் போன செடி மாதிரிதான்.) அது மட்டும் அவர் சரியாகச் சொன்னார். சேர்வராயன் மலைப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு, பூமியின் ஆழத்தில் வெந்து உருவானது. அதில் இலையும் இருக்காது, கிளையும் இருக்காது. ஆனால் பெரம்பலூர் பக்கத்து சாத்தனூருக்குக் காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் படுத்திருக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுக்கு முந்தைய மரம். 1940இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னார். திண்டிவனம் பக்கத்துத் திருவக்கரையில் இருக்கும் கல்மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுப் பழசு.

இதில் இனிமேல் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். 2024இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரைப் பாறைகளில் 39 கோடி ஆண்டுக்கு முந்தைய காடு ஒன்றைக் கண்டார்கள். அதன் மரங்கள் பார்க்கப் பனை மாதிரி, ஆனால் இரண்டிலிருந்து நான்கு மீட்டர் உயரம்தான். அதுவரை பழசு என்று பேர் வாங்கியிருந்த நியூயார்க் மாநிலக் காட்டைவிட இது 40 லட்சம் ஆண்டு மூத்தது. நம் நாட்டுக் கதை இதைவிடச் சுவை. குங்கிலிய மரக் குடும்பம் எங்கே பிறந்தது என்று நெடுநாள் சண்டை. தென்கிழக்கு ஆசியாவில்தான் இன்று அது அதிகமாகக் காடாக நிற்கிறது, அதனால் அங்கேதான் பிறந்திருக்கும் என்று ஒரு கட்சி. 2022இல் பழங்காலச் செடிகளை ஆராயும் லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தாரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதை மாற்றிப் போட்டது. டைனோசர் காலக் கடைசிப் பாறைகளில் கிடைத்த மகரந்தத்தை வைத்து, அந்தக் குடும்பம் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது, நகர்ந்து வந்த இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதிய பிறகு கிழக்கே பரவியது என்றார்கள்.

மகரந்தம் அத்தனை காலம் எப்படிக் கெடாமல் இருக்கும்? இது உங்களுக்கு நானே சொல்ல வேண்டியதில்லை. பட்டறையில் திராவகத்தில் முக்கினால் அழுக்கு போய் வெள்ளி நிற்கிறதே, அதே கதைதான். கல்லை இடித்துத் தூளாக்கி ஒரு திராவகத்தில் போட்டால் சுண்ணாம்பு கரையும், இன்னொன்றில் மணல் சத்து கரையும். மகரந்தத்தின் மேலோடு மட்டும் இந்த இரண்டுக்கும் அசையாது. மிச்சத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்து, எந்தச் செடி என்று அடையாளம் சொல்ல வேண்டும். பெரணிப் புள்ளிகளில் இருக்கும் ஸ்போர் என்ற வித்துத்தூளும் இதே மாதிரிதான் பிழைக்கிறது. இரண்டாவது திராவகம் எலும்புவரை போகிற விஷம், அதற்குத் தனி அறையும் பயிற்சியும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான மகரந்தத் தகடுகள் உள்ள தொகுப்பு தணிகைமணி என்ற விஞ்ஞானியின் பெயரில் இருக்கிறது. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் பாறையின் வயதைத் தெரிந்துகொள்ளவும், தேன் எந்தப் பூவிலிருந்து வந்தது என்று பார்க்கவும் இந்தக் கண்தான் வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். பி.எஸ்சி. தாவரவியலில் சேர்வதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்கிறேன். ஜியாலஜி, அதாவது பாறையும் நிலமும் பற்றிய படிப்பு, எடுக்கட்டும். (ஜியாகரபியா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.) அரசுக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான் ஆகும். அப்புறம் எம்.எஸ்சி.க்கு நம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே ஜியாலஜி துறை இருக்கிறது. ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யும் திறக்கும். ஜியாலஜி எம்.எஸ்சி. கையில் இருந்தால் ஃபாசில் ஆராய்ச்சி கிடைக்காமல் போனாலும் யூ.பி.எஸ்.சி.யின் புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம், நிலத்தடி நீர் வாரியம் இருக்கிறது. தாவரவியலை அவள் விடமாட்டாள், அந்த நோட்டைப் பார்த்த எனக்குத் தெரியும். பி.எட்., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். ஐந்து வருடத்துக்குச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. அப்புறம் நெட் தேர்வில் (நீட் இல்லை, இது எம்.எஸ்சி.க்குப் பிறகு எழுதுவது) ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் வரும், வாங்காவிட்டால் கஷ்டம்தான். அந்த லக்னோ நிறுவனத்தில் இடங்களும் குறைவு. எம்.எஸ்சி. முடியும்வரை கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டோம் என்று நீங்களும் அக்காவும் அவளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குத் தயாரில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் வேறு வழி யோசிக்கிறேன். நிலத்தை விற்கிற வழி மட்டும் அதில் இருக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையை மூடிவிட்டு அவளைச் சாத்தனூருக்குக் கூட்டிப்போங்க. ஒரு துண்டுக் கல்கூட எடுத்து வரக்கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். நிலத்துக்கு முன்பணம் ஏதும் வாங்கியிருந்தால், போகிற வழியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்க.