கழற்றி மாட்டும் பேரல்: பழைய டான் வெஸ்ஸன் ரிவால்வர்கள், கேள்வி–பதில்

அமெரிக்காவில் உரிமையோடு துப்பாக்கி வைத்திருக்கும் வாசகர்கள் சிலர் டான் வெஸ்ஸன் ரிவால்வர்களுக்கு உதிரிபாகம் தேடுவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்தும் ஒரு கடிதம். எல்லாவற்றுக்கும் இந்த இதழிலேயே பதில்.

கேள்வி: நாலு அங்குல பேரலோடு பழைய 15-2 ஒன்று வாங்கினேன். ஆறு அங்குல பேரலும் வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: பேரலைத் தேடுமுன் உங்கள் ஃபிரேம், அதாவது துப்பாக்கியின் உடற்கூடு, எந்தக் குடும்பம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சின்ன ஃபிரேமில் .22, .32, .38, .357 கேலிபர்கள் (உள்துளையின் அளவு, அங்குலத்தில்) வந்தன. பெரிய ஃபிரேமில் .41, .44, .45 வந்தன. இலக்குச் சுடும் போட்டிகளுக்காக நீளமான தோட்டா ஏற்கும் சூப்பர்மேக் தனி வகை. உங்களுடைய 15-2 சின்ன ஃபிரேம், .357 மேக்னம், குறிபார்க்க உதவும் பின் குறியைத் திருகிச் சரிசெய்யும் வகை. அதே துப்பாக்கியில் பின் குறி அசையாததாக இருந்தால் 14. முன்னால் 7 சேர்த்து 715, 722, 744 என்றிருந்தால் துருப்பிடிக்காத எஃகு. எண்ணுக்குப் பின் வரும் வி என்றால் மேல்விலாவில் காற்றுத் துளைகள் உண்டு, எச் என்றால் அடிப்பக்கம் முனைவரை கனமானது, விஎச் என்றால் இரண்டும். கடைசி எண் பேரலின் நீளம். ஆக, 15-2விஎச்6 என்ற பெயரிலேயே துப்பாக்கியின் முழு ஜாதகம் இருக்கிறது.

வெளியே கண்ணுக்குத் தெரிவது பேரல் அல்ல, அதன் மேலுறை. உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்தான் பேரல். அது பின்னால் ஃபிரேமின் மரையில் ஏறும், முன்னால் ஒரு நட் அதை மேலுறையோடு சேர்த்து இழுத்துப் பிடிக்கும். பேரலை இரு முனையிலும் இழுத்துக் கட்டும் இந்த அமைப்பால்தான் இந்த ரிவால்வர் துல்லியத்துக்குப் பெயர் பெற்றது. ஆகவே பேரலும் மேலுறையும் ஒரே நீளத்துக்கு உரியவையாக இருக்கவேண்டும். பேரல் குட்டையாகிவிட்டால் நட் இரண்டு மூன்று மரையை மட்டும் கவ்வும். நீளமாகிவிட்டால் நட் முட்டி நின்றுவிடும், மேலுறை இறுகாமல் ஆடும். ஆறு அங்குல பேரல் ஒன்றை மட்டும் மலிவாக வாங்கிவிட்டு மேலுறைக்கு மாதக்கணக்கில் அலைபவர்கள் ஏராளம். இரண்டையும் சோடியாக வாங்குங்கள், நட்டும் கூட வருகிறதா என்று கேளுங்கள். வி, எச், விஎச் எதுவாயினும் நீளமும் ஃபிரேமும் ஒத்தால் அதே பேரல் எல்லாவற்றிலும் அமரும்.

இன்னொன்று: பேரலை மாற்றினால் நீளம்தான் மாறும், கேலிபர் மாறாது. .357 துப்பாக்கியை .22 ஆக்கிவிடலாம் என்று விற்பவர் சொன்னால் பணப்பையை மூடிவிடுங்கள். பெரிய ஃபிரேமில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். .41, .44, .45 பேரல்கள் வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பிபோல இருக்கும். உள்துளையை அளந்து பார்க்காமல் மாட்டக்கூடாது. .44 துப்பாக்கியில் .41 பேரல் ஏறினால் அடுத்த குண்டு துப்பாக்கியையே பிளந்துவிடும்.

கேள்வி: பேரலை மாட்டும்போது இடைவெளி 6 தவு என்கிறார்கள். எப்படி அளப்பது? (டாலஸ் வாசகர்)

பதில்: சிலிண்டரின் முகத்துக்கும் பேரலின் பின்முனைக்கும் நடுவில் விடவேண்டிய இடைவெளியைத்தான் சொல்கிறார்கள். தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. .357க்கு 6 தவு, 0.006 அங்குலம், அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். துப்பாக்கியோடு தொழிற்சாலை கொடுத்த தகடு தொலைந்திருந்தால் வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜில் 6 தவு இலையை எடுத்துக்கொள்ளுங்கள். .22க்கும் மற்ற வகைகளுக்கும் இந்த அளவு வேறு, அந்தந்தத் துப்பாக்கியின் கையேட்டில் உள்ளபடி வையுங்கள்.

சிலிண்டரை வெளியே தள்ளி ஆறு அறையும் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாப் பெட்டி அந்த மேசையிலேயே இருக்கக்கூடாது. ஸ்பேனரால் முன் நட்டைத் தளர்த்தி எடுங்கள். மேலுறை முன்பக்கமாக உருவி வந்துவிடும். பேரலைக் கையாலேயே கழற்றலாம். வரவில்லை என்றால் கரியும் ஈயமும் மரையில் பிடித்திருக்கிறது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள், வைஸில் கடிக்கவைத்து முறுக்காதீர்கள்.

சிலிண்டர் முகத்தையும் ஃபிரேமின் மரையையும் பித்தளை பிரஷால் சுத்தம் செய்யுங்கள். முகத்தில் கரி இருந்தால் கேஜ் பொய்யான அளவு காட்டும். பிறகு புதிய பேரலைக் கையால் ஏற்றி, சிலிண்டரை மூடி, கேஜை இடையில் வைத்து, பேரல் கேஜை லேசாகத் தொடும்வரை திருகுங்கள். கேஜ் அங்கேயே இருக்கட்டும். மேலுறையை நுழைத்து, ஃபிரேமில் உள்ள சிறு பின் அதன் குழியில் உட்கார்ந்ததா என்று பாருங்கள். நட்டை ஏற்றி இறுக்குங்கள். இறுக்கும்போது பேரலும் கொஞ்சம் சேர்ந்து சுழலும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளப்பது கட்டாயம். 6 தவு இலை லேசான உரசலோடு போகவேண்டும், 8 தவு போகக்கூடாது. சிலிண்டரை ஒவ்வோர் அறையாகச் சுழற்றி ஆறு இடத்திலும் பாருங்கள், ஏனென்றால் சிலிண்டர் முகம் எல்லா இடத்திலும் சரிசமமாக இருக்கும் என்று சொல்லமுடியாது.

இடைவெளி குறைந்தால் பத்து இருபது குண்டுக்குள் சூடும் கரியும் சேர்ந்து சிலிண்டர் உரச ஆரம்பிக்கும், டிரிகர் இழுக்கக் கனக்கும். கூடினால் ஈயத் துகளும் வாயுவும் பக்கவாட்டில் தெறிக்கும், பக்கத்துத் தடத்தில் சுடுபவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். காலித் துப்பாக்கியில் சிலிண்டரை முன்னும் பின்னும் விரலால் தள்ளிப் பாருங்கள். நன்றாக ஆடினால் எவ்வளவு அளந்தும் பயனில்லை, முதலில் அந்த ஆட்டத்தைத் துப்பாக்கி மெக்கானிக் சரிசெய்யவேண்டும். பேரல் மாட்டிய பின் முதல் ஐம்பது குண்டுக்குப் பிறகு நட்டை ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது.

கேள்வி: ஸ்பேனர் இல்லை. கொறடு வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: கூடாது. நட்டின் காடி சிதைந்துவிடும், அதோடு பேரலின் வாயும் கீறும். வாய் கீறினால் துல்லியம் போயிற்று. சின்ன ஃபிரேமுக்கும் பெரிய ஃபிரேமுக்கும் ஸ்பேனர் வேறு. தனியாகவே விற்கிறார்கள், பழையதும் கிடைக்கும்.

கேள்வி: மரப் பிடி அடியில் விரிசல் விட்டுவிட்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பிடி பொருந்துமா? பெயர் ஒன்றுதானே? (நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: பொருந்தாது. பெயர் ஒற்றுமைக்குக் காரணம் குடும்பம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி. பி. வெஸ்ஸனின் கொள்ளுப்பேரன் டான் வெஸ்ஸன்தான் 1968இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து மான்ஸனில் தனிக் கம்பெனி ஆரம்பித்தார். பேரல் மாற்றும் அமைப்பை வடிவமைத்தவர் கார்ல் லூயிஸ். மற்ற ரிவால்வர்களில் பிடியின் வடிவத்திலேயே ஃபிரேம் கீழே இறங்கும், இரு பக்கமும் பலகை வைத்துத் திருகுவார்கள். டான் வெஸ்ஸனில் ஃபிரேமின் அடியில் ஒரு குட்டையான தண்டு மட்டும் உண்டு, மெயின் ஸ்பிரிங் அதற்குள் இருக்கிறது. முழு மரத்தில் குடைந்த ஒற்றைப் பிடி அதன்மேல் ஏறும், அடியிலிருந்து ஒரே ஒரு ஆலன் திருகு அதைப் பிடிக்கும். கைக்கு ஏற்ற எந்த வடிவத்திலும் பிடி செய்ய இது வசதி. ஆனால் எல்லாப் பாரமும் அந்த ஒரு திருகின் மேல்தான்.

அடியில் விரிசல் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் திருகை அளவுக்கு மேல் இறுக்கியது, அல்லது வாஷர் இல்லாமல் இறுக்கியது. இன்னொரு காரணமும் உண்டு. பிடியின் மேல்விளிம்பு ஃபிரேமோடு முழுதாகப் பொருந்தாமல் ஓர் ஓரத்தில் மட்டும் முட்டினால், ஒவ்வொரு வெடிக்கும் அடி அந்த ஓரத்தில் இறங்கி மரத்தைப் பிளக்கும். விரிசல் மெலிதாக இருந்தால், எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நீர்த்த எபாக்ஸியை உள்ளே இறக்கி, ஒரு நாள் கிளாம்ப் போட்டு வைத்தால் நிற்கும். திருகின் ஓட்டை வழியே ஊடுருவிப் போயிருந்தால் அந்தப் பிடி அலமாரிக்குத்தான்.

புதிதாகத் தேடினால் இரண்டு வழி. ஹோக், பாக்மயர் ஆகியோர் டான் வெஸ்ஸனுக்கென்றே பிடிகள் செய்திருக்கிறார்கள். ரப்பர் பிடி அழகுக்கு இல்லை, மேக்னம் அடியைத் தாங்குவதற்கு. மரம்தான் வேண்டும் என்றால் பழைய தொழிற்சாலைப் பிடிகள் ஏலத்தில் வருகின்றன. அவற்றில் வால்நட் சாதாரணம், வரியோடும் ஜீப்ராவுட் போன்றவை விலை கூடியவை. எங்களுக்குப் பிடித்தது மூன்றாவது ஒன்று: உள்ளே தண்டுக்கான குழி மட்டும் குடைந்து, வெளியே சீவாமல் விட்ட வால்நட் கட்டையைத் தொழிற்சாலையே ஒரு காலத்தில் விற்றது. அது அகப்பட்டால் விடாதீர்கள். உங்கள் உள்ளங்கைக்கு நீங்களே அரத்தால் சீவிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் சின்ன ஃபிரேமா பெரிய ஃபிரேமா என்று எழுத்தில் கேளுங்கள், இரண்டின் குழியும் வேறு. விற்பவருக்குத் தெரியாவிட்டால் குழியின் நீள அகலத்தை அளந்த படம் கேளுங்கள், உங்கள் தண்டை அளந்து ஒப்பிடுங்கள். திருகும் சேர்ந்து வரவேண்டும். பிடிக்குப் பிடி திருகின் நீளம் மாறும், தனியாகத் தேடுவது தலைவலி.

பிடி முழுதாக ஏறாமல் நின்றால் சுத்தியலால் தட்டாதீர்கள். தண்டின்மேல் லிப்ஸ்டிக்கை மெல்லிசாகப் பூசி, பிடியை ஏற்றி இறக்குங்கள். உள்ளே சாயம் ஒட்டிய இடம்தான் முட்டும் இடம். அதை மட்டும் உளியால் சுரண்டி, மறுபடி பூசிப் பாருங்கள். மேல்விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்ய நினைத்தால் ஃபிரேமுக்கும் மரத்துக்கும் நடுவில் நிரந்தரச் சந்து விழும்.

கேள்வி: மாடல் 12 ஒன்று கிடைத்திருக்கிறது. 15-2 பேரல் கூட்டு அதில் ஏறுமா?

பதில்: ஏறாது, வாங்காதீர்கள். 12 முதல் தலைமுறை. அதில் நட் மேலுறைக்கு வெளியே நிற்கும், ஸ்பேனரும் வேறு. மேலுறையின் பின்பகுதி ஃபிரேமின்மேல் முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும், சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர் போர்க் சாப். 12க்கு 12இன் பாகமே வேண்டும். அரிது, விலையும் அதற்கேற்றபடி.

கேள்வி: கம்பெனி இன்னும் இருக்கிறதே, அவர்களிடமே எல்லாம் வாங்கலாமே? (அட்லாண்டா வாசகர்)

பதில்: பெயர் இருக்கிறது, பழைய கிடங்கு இல்லை. டான் வெஸ்ஸன் 1978இல் காலமானார். பிறகு கம்பெனி மான்ஸனிலிருந்து பால்மருக்குப் போய், திவாலாகி, 1996இல் கைமாறி நியூயார்க் மாநிலத்து நார்விச்சுக்கு வந்தது. 2005இல் செக் நாட்டு சிஇஸட் குழுமத்தின் அமெரிக்கக் கிளை அதை வாங்கியது. இத்தனை இடமாற்றத்தில் பழைய பாகங்கள் சிதறிப்போயின. முதலில் கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் நஷ்டமில்லை. அடுத்தது நியூம்ரிச் போன்ற பழம்பாகக் கிடங்குகள். அதன்பின் கன்புரோக்கர் இணைய ஏலம். ஸ்பிரிங்குக்கு வுல்ஃப் இருக்கிறார்கள். ஏலத்தில் ‘டான் வெஸ்ஸன்’ என்று மட்டும் தேடினால் இன்றைய 1911 பிஸ்டல்களே வரிசைகட்டி வரும். மாடல் எண்ணோடும் ‘மான்ஸன்’ என்ற ஊர்ப்பெயரோடும் தேடுங்கள்.

அமெரிக்க மத்தியச் சட்டப்படி ரிவால்வரில் ஃபிரேம்தான் துப்பாக்கி. பேரல், மேலுறை, பிடி தபாலில் வீட்டுக்கே வரும். மாநிலச் சட்டம் சில இடங்களில் கடுமை, ஆர்டர் போடுமுன் உங்கள் மாநிலத்து விதியைப் பாருங்கள்.

கேள்வி: உரிமம் உள்ள ரிவால்வர் வைத்திருக்கிறேன். பாஸ்டனில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு பேரல் எடுத்துவரலாமா? (சென்னை வாசகர்)

பதில்: மச்சானைச் சிறைக்கு அனுப்பும் எண்ணமில்லையே? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதம்தான். இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும், கையிலுள்ள உரிமம் அதற்குப் போதாது. அமெரிக்கப் பக்கத்திலும் பேரல், சிலிண்டர் போன்றவற்றை வெளியே அனுப்ப ஏற்றுமதி அனுமதி வேண்டும்.

கேள்வி: சிலிண்டர் பூட்டுமுன்பே சுத்தியல் விழுகிறது. உள்பாகம் வாங்கி நானே மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: அது காலக்கணக்கு தப்பிய துப்பாக்கி, சரியாகும்வரை சுடாதீர்கள். சிலிண்டரைச் சுழற்றும் கையும் அதை நிறுத்தும் தாழும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி அரத்தால் தேய்த்துப் பொருத்தப்படுபவை. வாங்கி அப்படியே போட்டால் முன்பைவிட மோசமாகலாம். பாகத்தை நீங்கள் தேடிக்கொடுங்கள், பொருத்துவதை மெக்கானிக் செய்யட்டும்.

கேள்வி: ஒரு துப்பாக்கியும் பல நீளப் பேரல்களும் சேர்ந்த பிஸ்டல் பேக் என்ற பெட்டி முழுதாக விற்பனைக்கு வந்திருக்கிறது. பேரல்களைப் பிரித்து விற்றால் லாபம் என்கிறார் நண்பர்.

பதில்: கணக்கு சரிதான், ஆனால் செய்யாதீர்கள். பெட்டியோடு நிற்கும் செட்டுகள் குறைந்துகொண்டே வருகின்றன. வாங்குமுன் பெட்டிக்குள் எண்ணிப் பாருங்கள்: இரண்டரை, நாலு, ஆறு, எட்டு அங்குல பேரல்களும் அவற்றின் மேலுறைகளும், கூடுதல் பிடி, நிறநிறமான முன்குறித் துண்டுகள், ஸ்பேனர், கேஜ். பெல்ட் பக்கிளும் துணிச் சின்னமும்கூட வந்தவை. அவை இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.