சர்ஃபிங் சொல்லித்தர்ற வேலைக்கு வரலாமுங்களா? கேளுங்க, சொல்றேன்
நான் கோபிக்காரனுங்க. சென்னைக்குப் பக்கத்துல கோவளத்துல ஒம்பது வருசமா சர்ஃபிங், அதாவது போர்டுன்னு சொல்ற பலகை மேல நின்னு கடல் அலையில சறுக்கறத, சொல்லிக் குடுக்கறேன்.

ஈரோடு: அண்ணா, காலிங்கராயன் வாய்க்கால்லயும் கெணத்துலயும் நல்லா நீந்துவேன். போதுமா?
போதாது கண்ணு. கெணத்துத் தண்ணி உன்னைய எங்கயும் இழுத்துட்டுப் போகாது, கடல் இழுக்கும். ரெண்டு பக்கமும் அலை நொரையா ஒடைஞ்சுட்டு இருக்க நடுவுல மட்டும் அமைதியா, கொஞ்சம் கருப்பாத் தெரியும் பாரு, புதுசா வர்றவங்க அங்கதான் எறங்குவாங்க, ஆனா கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வழியே அதுதான். மாட்டுனா கரையப் பாத்து நேரா நீந்தி சக்திய வீணாக்காத, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி இழுப்ப விட்டு வெளிய வந்து, அப்பறம் அலையோட கரைக்கு வா. நீ தப்பிச்சா மட்டும் பத்தாது, கூட நாலு பேர் உன்னைய நம்பி நிப்பாங்க.

திருப்பூர்: பனியன் கம்பெனி வேலைய உட்டுட்டு வரலாமுங்களா?
ஒரேயடியா உட்றாதீங்க. சனி ஞாயிறு மூச்சு விட நேரமிருக்காது, செவ்வாக்கெழம ஆளே வராது, போர்டுல விழுந்த ஓட்டைய ரெசின் பசை வெச்சு அடைச்சுட்டு உக்காந்திருப்போம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் புயல் மழைன்னு கிளாஸ் அடிக்கடி ரத்தாகும். கேரளாவுல வர்க்கலா, கர்நாடகாவுல முல்கி பக்கம் ஜூன்ல மழை புடிச்சா பல எடத்துல மூடிருவாங்க. ஒரு சீசன் லீவுல வந்து பாருங்க, ஆறு மாசச் செலவுக்கு கையில வெச்சுக்குங்க.

பொள்ளாச்சி: சர்டிபிகேட் வேணுமா?
ஐஎஸ்ஏ, அதாவது சர்வதேச சர்ஃபிங் சங்கம் குடுக்கற லெவல் 1 பயிற்சியாளர் சர்டிபிகேட் வாங்குங்க. கோர்ஸ் மட்டும் முடிச்சாப் பத்தாது, 20 மணி நேரம் பயிற்சி, முதலுதவி, உயிர் காக்கற சான்றிதழ் எல்லாம் கேப்பாங்க.

கரூர்: ஏனுங்க, 40 அடி கெணத்துல முக்குளிச்சு வளந்தவங்க நாங்க. சும்மா பயமுறுத்தாதீங்க.
மாமா, உங்க தெறமைய நான் கொறை சொல்லல. நானும் அப்பிடித்தான் வந்தேன். மொத வாரமே ஒரு அலை பெரட்டிப் போட்டு, மேல எது கீழ எதுன்னே தெரியல, கால்ல கட்டுன கயித்தப் புடிச்சு போர்டத் தேடித்தான் மேல வந்தேன். கெணத்துல படிக்கட்டு எங்கன்னு தெரியும், இங்க கரையே கண்ணுக்குத் தெரியாது.

கரூர்: பழகுனாச் சரியாயிரும்ல?
சரியாகும், பழகறதுக்கு மொத உயிரோட இருக்கோணும். இடுப்பளவு தண்ணியில ஆரம்பிங்க.

கோபி: பொண்ணுங்க வரலாமா அண்ணா?
கட்டாயம் வா அம்மிணி. கத்துக்க வர்ற பொண்ணுங்க பல பேர் லேடி கோச் இருக்காங்களான்னுதான் மொதல்ல கேக்கறாங்க, ஆள் பத்தல.

தாராபுரம்: அமராவதி ஆத்துல நீந்துவேன், போதுமா?
ஈரோட்டுத் தம்பிக்குச் சொன்னத மறுக்கா ஒருக்கா படிங்க.