லியோனில் மழை பெய்தால்

கேள்வி: ஏனுங்கக்கா, என் மகன் பிரான்சில் லியோன் ஊரில் படிக்கிறான். நவம்பரில் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். "அப்போ மழையாத்தான் இருக்கும்மா, ரூமுக்குள்ளயே உட்கார வேண்டியதுதான்" என்கிறான். இத்தனை செலவு செய்து போய் சன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பதா?
– பட்டுப்புழு வளர்க்கும் வாசகி, கோபி

பதில்: உங்கள் மகன் காலேஜையும் ரூமையும் தாண்டி எங்கேயும் போகவில்லை போலிருக்கிறது. நாங்கள் மகள் வீட்டுக்குப் போனபோது நான்கு நாளும் விடாத சோனைத் தூறல். முதல் நாள் புத்தி கெட்டு, ஊர் முழுக்கத் தெரியும் என்று ஃபூர்வியேர் குன்றின் படிகளில் ஏறினோம். மேலே போனால் ஒரே வெள்ளைப் பஞ்சு. ரோன், ஸோன் என்று இரண்டு ஆறு ஓடும் ஊர், ஒன்றையும் காணோம். தேவாலயத்துக்குள் சுவரெல்லாம் இழைத்திருந்த மொசைக்கைப் பார்த்துவிட்டு இறங்கினோம். அடிவாரத்திலிருந்து கயிற்று ரயில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் அதிலேயே போங்கள், அதுவும் வானம் வெளுத்த நாளில்.

மழை நாளுக்கென்றே அந்த ஊரில் இருப்பவை 'த்ராபூல்'கள். ஒரு தெருவில் வீட்டுக் கதவைத் திறந்து நுழைந்தால் நடை, முற்றம், சுழல் படிக்கட்டு, மறுபடி நடை என்று போய் அடுத்த தெருவில் வெளியே வரலாம். பழைய ஊரில் ஸேன் ழான் தெரு 54ஆம் எண்ணில் நுழையுங்கள், எருதுத் தெரு 27ஆம் எண்ணில் வெளியே வருவீர்கள். பழைய ஊரில் இதுதான் நீளம். முற்றங்களில் மட்டும்தான் தலையில் தூறல் விழும். காலையிலேயே போவது நல்லது. பல கதவுகளில் பொத்தானை அமுக்கினால் திறந்துகொள்ளும். ஆனால் உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள், நம் ஊர்ச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். தரைக்கல் வழுக்கும். என் வீட்டுக்காரர் செருப்போடு வந்து ஒரு முற்றத்தில் சாஷ்டாங்கமாக விழுந்து எழுந்தார்.

அப்புறம் க்ருவா ரூஸ் மேடு. அங்கே போகும் மெட்ரோவுக்குப் பல்சக்கரம் பூட்டியிருக்கிறார்கள், நம் மேட்டுப்பாளையம் மலை ரயில் மாதிரி. அது பட்டு நெசவாளிகள் வாழ்ந்த மேடு. நெய்த பட்டை மழையில் நனையாமல் வியாபாரியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அங்கேயும் த்ராபூல்கள்தான் வழி. அங்குள்ள வீடுகளுக்கு நான்கு மீட்டர் உயரக் கூரை. நான் சிறுமுகையில் தறி வீட்டில் வளர்ந்தவள், பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. தறிக்குமேல், துணியில் டிசைன் விழ வைக்கும் ஜக்கார்டு பெட்டி நிற்க வேண்டுமே! எங்கள் ஓட்டு வீட்டில் குழி தோண்டித் தறி போட்டும் பெட்டி விட்டத்தில் இடிக்கும். அப்பா தினமும் அதைத் திட்டுவார்.

பெட்டிக்குப் பெயர் தந்த ஜக்கார்டு அந்த ஊர்க்காரர்தான். 1804இல் அவர் கொண்டுவந்த தறியில், டிசைனுக்கென்று ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து மாட்டுவார்கள்; ஓட்டை இருக்கும் இடத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மேலே எழும், இல்லாத இடத்தில் எழாது. சேலை பார்டரில் மயில் வருவதும் இதே கணக்கில்தான். அவர் உருவத்தையே பிற்பாடு 24,000 அட்டை கட்டிப் பட்டில் நெய்தார்களாம். நெசவாளர் இல்லம் என்று சின்ன மியூசியம் ஒன்று இருக்கிறது, தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்தச் சடக் சடக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 1831 நவம்பரில் இந்த மேட்டுக்காரர்கள் கூலியை நிர்ணயம் செய்யச் சொல்லிக் கலகம் பண்ணி, சில நாள் ஊரையே பிடித்து வைத்திருந்தார்கள். சோமனூர்ப் பக்கம் தறியை நிறுத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

உங்களுக்கென்று ஒன்று. அந்தத் தறிகளுக்குப் பட்டு, புழு வளர்த்த தெற்கு பிரான்சின் கிராமங்களிலிருந்தும் வந்தது. பெப்ரின் நோய் வந்து புழுவெல்லாம் செத்தபோது, 1865இல் அங்கே அனுப்பப்பட்டவர் லூயி பாஸ்டர். தாய் அந்துப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்து நல்ல முட்டையைப் பிரிக்கும் வழி அவருடையதுதான். நீங்கள் வாங்கும் முட்டையும் அப்படிச் சோதித்து வருவதுதானே?

கேள்வி: நாங்கள் சைவம். லியோனில் சாப்பிட என்ன கிடைக்கும்?
– வாசகர், பெருந்துறை

பதில்: 'பூஷோன்' என்கிற உள்ளூர் சாப்பாட்டுக் கடைகளில் குடலும் பன்றிக் கறியும்தான் ராஜாங்கம், உங்களுக்குக் கஷ்டம். ரோஸ் கலர் சர்க்கரை பூசிய பாதாம் போட்ட டார்ட் பிரமாதம், ஆனால் முட்டை உண்டு. தைரியமாக ஒன்று கேளுங்கள்: 'செர்வெல் த கானு'. அர்த்தம் 'நெசவாளி மூளை'! பயப்பட வேண்டாம், கெட்டித் தயிரை வடிகட்டினாற்போல் ஒரு பாலாடைக்கட்டியில் பூண்டும் தழையும் கலந்தது. ரொட்டியில் தடவித் தின்றோம். பெயரின் அர்த்தத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், "கூலியைக் குறைச்ச வியாபாரி எவனோதான் இந்தப் பேரை வெச்சிருப்பான்" என்றார்.