நனவும் மூளையும்: கேள்வி பதில்

கேள்வி: நனவு மூளையின் எந்தப் பகுதியில் இருக்கிறது?

பதில்: எந்தப் பகுதியை இழந்தால் நனவு, அதாவது உணர்ந்து அனுபவிக்கும் நிலை, நீடிக்கிறது, எதை இழந்தால் மறைகிறது என்று பார்ப்பதே இங்கு அதிகம் கற்றுத்தருகிறது. மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்களில் (நரம்பணுக்களில்) சுமார் 6,900 கோடி சிறுமூளையில் உள்ளன. எனினும், பிறவியிலேயே சிறுமூளை இல்லாத சிலர், நடையும் பேச்சும் தடுமாறினாலும், நம்மைப் போலவே பார்க்கிறார்கள், வலியை உணர்கிறார்கள். மூளைத்தண்டின் மேற்பகுதியிலோ சிறு காயம்கூட ஆழ்மயக்கத்தில் ஆழ்த்திவிடும். ஆகவே நியூரான்களின் எண்ணிக்கையைக் கொண்டு நனவை அளக்க முடியாது.

கேள்வி: கண் திறந்திருந்தும் எதற்கும் எதிர்வினை காட்டாத நோயாளிக்கு உள்ளே நனவு இருக்குமா?

பதில்: சிலருக்கு இருக்கிறது. நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர் 2006-இல் அத்தகைய ஓர் இளம்பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகவும் தம் வீட்டின் அறைகளில் நடப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னபோது, நலமானவர்களிடம் காணப்படும் அதே மூளைச் செயல்பாடுகள் ஸ்கேனில் தெரிந்தன. 2010-இல் வெளியான ஆய்வில், 54 நோயாளிகளில் 5 பேர் சொன்னபடி மூளைச் செயல்பாட்டை மாற்றினர். அவர்களுள் ஒருவர் அந்த வழியிலேயே ஆம், இல்லை என்று விடையும் அளித்தார். வெளியே அசைவில்லை என்பதால் உள்ளே அனுபவமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மறுகேள்வி: ‘டென்னிஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் மூளை தானாகவே துலங்கியிருக்கலாம் அல்லவா?

பதில்: நியாயமான ஐயம். ஆனால் சொல்லால் தானாகத் தூண்டப்படும் துலங்கல் சில நொடிகளில் அடங்கிவிடும். இங்கோ ஓய்வெடுக்கச் சொல்லும் வரை, சுமார் 30 நொடிகள், அது நீடித்தது.

மறுகேள்வி: பார்வைப்புறணி (காட்சியைக் கையாளும் மூளைப்பகுதி) சிதைந்த சிலர், தமக்குத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே ஒளிப்புள்ளியைச் சரியாகச் சுட்டுகிறார்கள். நனவின்றியே இவ்வளவு முடியுமென்றால், கற்பனை மட்டும் எப்படிச் சான்றாகும்?

பதில்: இந்த விவாதத்தின் வலுவான எதிர்வாதம் இதுதான். எனினும் அவர்களை ஊகித்துச் சுட்டுமாறு வற்புறுத்த வேண்டியிருக்கிறது. தாமாக அந்தத் தகவலைக் கொண்டு எதையும் தொடங்குவதில்லை. கட்டளையை நினைவில் இருத்தி, வெளித்தூண்டல் ஏதுமின்றி அதைத் தொடர்வது வேறு வகைச் செயல். இது ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணமன்று, அனுமானம்தான். ஆனால் பிறருடைய நனவு பற்றி நாம் அறிவதெல்லாம் அனுமானத்தால்தான். ஸ்கேனில் துலங்கல் இல்லை என்பதும் நனவின்மைக்குச் சான்றாகாது. நலமானவர்களிடம்கூடச் சில சோதனைகளில் இக்குறி தென்படாமற்போவதுண்டு.

கேள்வி: நனவு மூளையில் எப்படி எழுகிறது என்று விளக்கும் கோட்பாடுகளில் எது வென்றது?

பதில்: எதுவும் இல்லை. நனவுக்குரிய தெளிவான நரம்புக் குறி 25 ஆண்டுகளில் கண்டறியப்படும் என்று நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக் 1998-இல் மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸுடன் பந்தயம் கட்டி, 2023-இல் தோல்வியை ஏற்றார்.

கேள்வி: நனவின் இருப்பிடம் எது?

பதில்: முதல் பதிலை வாசியுங்கள்.

கேள்வி: ஆன்மா உண்டா?

பதில்: அது என் துறைக்குள் அடங்காது, மெய்யியலாரிடம் கேளுங்கள்.

கேள்வி: எதிர்வினையற்றவர் என்று எங்கள் உறவினரைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் என்ன கேட்கலாம்?

பதில்: முறைப்படுத்தப்பட்ட அளவுகோலால் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வேளைகளில் மறுபரிசோதனை செய்யக் கேளுங்கள். வழக்கமான மருத்துவக் கணிப்பில் நனவற்றவர்களாகக் கருதப்பட்ட 44 பேரில் 18 பேருக்குச் சிறிதளவேனும் நனவு இருந்ததை 2009-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. கண்ணெதிரே கண்ணாடியை மெதுவாக நகர்த்தும்போது பார்வை அதைப் பின்தொடர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிற பொருட்களைவிடத் தம் முகத்தையே நோயாளிகள் எளிதில் பின்தொடர்கிறார்கள்.