கண்டெடுத்த புதைபடிவம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: புதைபடிவங்களைத் தேடிச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. தனியார் கல்குவாரி ஒன்றில், காவலாளி வாய்மொழியாகத் தந்த அனுமதியுடன் ஓர் அம்மோனைட்டையும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரியின் படிவம்) எலும்பு போன்ற ஒரு துண்டையும் பெயர்த்தெடுத்தேன். நில உரிமையாளர் இப்போது இரண்டையும் திருப்பிக் கேட்கிறார். கண்டெடுத்தவருக்குத்தானே பொருள் சொந்தம்?

பதில்: யாரோ தவறவிட்ட மோதிரம் அசையும் பொருள், பாறையில் பதிந்த புதைபடிவமோ, பெயர்த்தெடுக்கும் வரை பொதுவாக நிலத்தின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. 1990-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கிடைத்த ‘சூ’ என்ற டைரனோசரஸ் எலும்புக்கூட்டை, நிலக்காரருக்கு 5,000 டாலர் கொடுத்துத்தான் எடுத்தார்கள். ஆனால் அந்த நிலத்தை அவருக்காக அரசே பொறுப்பேற்று வைத்திருந்தது. எலும்புக்கூடும் நிலமே என்று கொண்ட நீதிமன்றம், அரசின் ஒப்புதல் பெறாத அந்த விற்பனை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பணம் கொடுத்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், காவலாளியின் தலையசைப்பு உங்களுக்கு உரிமை தராது. நீங்கள் திருடும் எண்ணத்தோடு எடுக்கவில்லை என்று காட்ட மட்டுமே அது உதவும்.

அதற்காக, கேட்டவுடன் கொடுத்துவிடவும் வேண்டாம். குவாரி குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், புதைபடிவம் நில உரிமையாளருடையதா, கனிமம் எடுக்கும் உரிமை பெற்றவருடையதா என்பது பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. டைனோசர் புதைபடிவம் ‘கனிமம்’ என்ற சொல்லில் அடங்காது என்று மொன்டானா உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியதும் இத்தகைய வழக்கில்தான். மங்கோலியா, பிரேசில் போன்ற நாடுகளில் புதைபடிவங்கள் அரசுக்கே சொந்தம் என்பதால், இருவருமே உரிமை கோர முடியாது. ஆகவே குவாரி இருக்கும் நாட்டின் சட்டத்தை முதலில் பாருங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது அந்த எலும்புத் துண்டுதான். உடைந்த விளிம்பைக் கைலென்ஸில் பாருங்கள். கடற்பஞ்சு போல நுண்துளைகள் தெரிந்தால் அது எலும்பாக இருக்க வாய்ப்புண்டு. பல சட்டங்கள் முதுகெலும்பிகளின் எச்சங்களைத் தனியாக வைத்துப் பார்க்கின்றன. அமெரிக்காவின் சில வகைப் பொது நிலங்களில், பரவலாகக் கிடைக்கும் கிளிஞ்சல், தாவரப் படிவங்களைச் சொந்தச் சேகரிப்புக்காக அளவோடு எடுக்கலாம். முதுகெலும்பியின் எலும்பை உரிமச்சீட்டின்றித் தொட முடியாது. எனவே துண்டைக் கழுவாமல், பசை தடவாமல், எடுத்த இடத்தின் குறிப்போடு அருங்காட்சியகத்தில் காட்டி, அடையாளத்தை எழுத்தில் பெறுங்கள். அதுவரை விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ வேண்டாம்.

உரியவர் யார் என்று தெரிந்தபின், படங்களுடன் கூடிய பட்டியலில் கையொப்பம் பெற்று ஒப்படையுங்கள். அம்மோனைட்டை மட்டுமாவது வைத்துக்கொள்ள விரும்பினால், அந்தப் பட்டியலின் அடியிலேயே அவருடைய சம்மதத்தை எழுதி வாங்கிவிடலாம். பொதுவாகக் கிடைக்கும் வகை என்றால் பலர் மறுப்பதில்லை.