கடையில் ஒரு விலை, இணையத்தில் ஒரு விலையா?

கேள்வி: பேரங்காடியில் ரைஸ் குக்கருக்கு 189 ரிங்கிட் விலை ஒட்டியிருந்தது. அங்கேயே கைப்பேசியில் பார்த்தால், அதே கடையின் இணையத்தளத்தில் 159. காசாளர் "அது வேற, இது வேறக்கா" என்கிறார். இப்படிச் செய்யலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே விலைக்கு விற்க வேண்டும் என்று நம் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. முதலில் மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள், அப்புறம் அனுப்பும் செலவையும் சேர்த்துப் பாருங்கள், விற்பது அந்தக் கடைதானா அல்லது அதன் தளத்தில் இடம் பிடித்த வேறு வியாபாரியா என்பதையும் கவனியுங்கள், ஏனென்றால் உத்தரவாதம் அதைப் பொறுத்தது. எல்லாம் ஒன்றேதான் என்றால் காசாளரிடம் மல்லுக்கட்டாமல் மேலாளரிடம் திரையைக் காட்டிக் கேளுங்கள், சில கடைகள் குறைத்துக் கொடுக்கும். இல்லையா, இணையத்தில் வாங்கிக் கடையிலேயே எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் ஒன்று. அலமாரியில் 159 என்று ஒட்டிவிட்டு முகப்பில் 189 வாங்கினால் அது குற்றம், விடவே விடாதீர்கள். விலைச்சீட்டைப் படம் எடுங்கள், ரசீதை வைத்துக்கொண்டு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் கொடுங்கள். பணத்தைத் திரும்பப் பெற பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது: கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம்.